கம்பிக்கு அடியில் மாட்டிக்கொண்டவர்கள்

அடுத்தவர் தூக்கும் எடைக்கு நமக்கு வேர்க்கும் என்றால், அது ஜிம் கோச் வேலைதான். காலையில் ராஜபாளையம், சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் பேட்ச் என்று எட்டு வருடமாக ஓடுகிறேன். நடுவில் பஸ்ஸில் உட்காரும் நேரத்தில் மட்டும் யாரும் எதையும் தலையில் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று நிம்மதி. இதே வேலை பார்க்கும் உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

ஒரு பக்கம்

ஆட்டோ ஓட்டும் முருகேசன் அண்ணன் சேர்ந்து நாலாவது நாள். ஸ்குவாட் முடித்து, கம்பியைப் பத்திரமாக ஸ்டாண்டில் வைத்தார். அப்புறம் மிகுந்த பொறுப்போடு இடது பக்க எடைத் தட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி…" என்று நான் ஓடுவதற்குள் கடைசித் தட்டும் கழன்றது. வலது பக்கம் சரிந்தது, இடது பக்கம் எகிறியது. கம்பி டியூப்லைட்டை உடைத்து, அவருடைய தண்ணீர் பாட்டிலைத் தோசையாக்கிவிட்டுத்தான் படுத்தது. முருகேசன் அண்ணன் கையில் தட்டோடு சுவரில் பல்லியாக ஒட்டியிருந்தார். ஒரு கீறல்கூட இல்லை. மூச்சு வந்ததும் கேட்டார்:

"நான் இந்தப் பக்கந்தான மேடம் கழட்டுனேன், அந்தப் பக்கத்துக்கு ஏன் கோவம் வருது?"

தலைமாட்டில் நின்றவர்

கார்த்திக்கும் ஆன்டோவும் ஒரே மில்லில் வேலை பார்ப்பவர்கள், ஒரே தட்டில் சாப்பிடுபவர்கள். கார்த்திக் பெஞ்ச் பிரஸ் போடப் படுத்தான். "தலைமாட்டுல நில்லு. கம்பி நின்னா உடனே புடி" என்று ஆன்டோவிடம் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினேன்.

ஆன்டோ தலைமாட்டில்தான் நின்றான், இரண்டு கையிலும் செல்போனைப் பிடித்தபடி. ஏழாவது தடவை கம்பி பாதியில் நின்று, மெல்ல நெஞ்சுக்கு இறங்கியது. "ஏலே, புடிலே!" என்ற கார்த்திக்கின் குரல் பூனைக்குட்டி சத்தமாக வந்தது. பாய்ந்து போய்க் கம்பியைத் தூக்கி ஸ்டாண்டில் போட்டேன். கார்த்திக் எழுந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டே உயிர் நண்பனை முறைத்தான். ஆன்டோவின் வருத்தமெல்லாம் என்மேல்தான்:

"செத்த பொறுத்திருக்கலாம் மேடம், இப்பத்தான் மூஞ்சி நல்லா வந்துச்சு."

கேட்காமலே

பெஞ்ச் பிரஸ் போடும் மேரி டீச்சருக்குத் துணை நிற்க அவர் கணவரே வந்தார். "அவங்களா முடியலன்னு சொல்றவரைக்கும் கம்பியத் தொடக்கூடாது சார்" என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் தலையாட்டினார். முதல் தடவையிலேயே கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பத்துத் தடவையும் முடிந்தது. டீச்சர் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. சார் நனைந்துபோய் மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்துவிட்டார். டீச்சர் என் காதோரம் வந்து சொன்னார்:

"வீட்ல தண்ணிக் கேனத் தூக்கச் சொன்னா இடுப்பு வலிங்காவ. இங்க பாருங்க, கேக்காமலே தூக்குதாவ. இன்னும் ரெண்டு செட் போடுவமா?"

அன்று நான்

ஊருக்கெல்லாம் சொல்லும் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சாயங்காலம். பேட்ச் தொடங்க அரை மணி நேரம் இருந்தது. ஆளில்லாத ஜிம் என்றால் நமக்கு ஒரு கிறுக்குப் பிடிக்குமே, ஐம்பது கிலோ மாட்டிப் படுத்தேன். துணைக்கு ஆள் இல்லை, கம்பி இறங்கினால் தடுத்து நிறுத்தப் பக்கத்தில் தாங்குகம்பியும் இல்லை. போதாததற்குத் தட்டு நழுவாமல் இரண்டு பக்கமும் கிளிப் வேறு. தனியாகப் படுத்தால் கிளிப் போடாதீர்கள், மாட்டிக்கொண்டால் கம்பியைச் சாய்த்துத் தட்டை நழுவ விடலாம் என்று வாரம் தவறாமல் கத்துவது நான்தான்.

ஆறாவது தடவை கம்பி நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. சாய்த்தேன், தட்டு அசையவில்லை. கத்தப் பார்த்தேன், மூச்சு வரவில்லை. இடுப்புப் பக்கம் உருட்டினால் எழுந்துவிடலாம் என்று உருட்டினேன். வயிற்றில் மத்தியானச் சாப்பாடு வழிவிடவில்லை. அந்த நேரம் நிஜமாகவே பயந்துவிட்டேன்.

கதவு திறந்தது. பால்கோவா கடையில் தினமும் பால் கிண்டும் பேச்சியம்மாள் அக்கா, அன்றைக்கென்று சீக்கிரமாக வந்திருந்தார். "உங்களுக்குத் தோள் பலம் பத்தாதுக்கா" என்று நான் ஐந்து கிலோவுக்கு மேல் கொடுக்காமல் வைத்திருந்தவர். பையைக் கீழே போட்டார், கம்பியின் நடுவைப் பிடித்தார், நானும் கீழிருந்து தள்ள, ஒரே மூச்சில் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டார். நான் எழுந்து பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்துவிட்டு அக்கா சொன்னார்:

"கொதிக்குற பால்சட்டிய ஒத்தையில எறக்கக் கூடாதுன்னு எங்க கடைக்குப் புதுசா வாரவகளுக்கே மொத நாள் சொல்லிருவோம் மேடம். ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?"

இந்த எட்டு வருடத்தில் என் உடம்பில் ஒழுங்காக வளர்ந்த ஒரே தசை தொண்டையில் இருக்கிறது.