சித்தப்பாவின் சிவப்பு வைத்தியம்

கண்ணாடி டம்ளரை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதிலிருந்த சிவப்புச் சாற்றைத் தானே படைத்ததுபோல் பார்த்து ரசிப்பார் சித்தப்பா. அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் காட்சிதான். அந்தச் சாற்றுக்காக அவர் செய்த ஒரே வேலை, டம்ளரைத் தூக்கியது.

வளைகுடாவில் ஏதோ கம்பெனி ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர், ஆரல்வாய்மொழியில் வீடு கட்டினார். வீட்டைச் சுற்றிக் கிடந்த வெறும் மண்ணில் சித்தி சிவப்புப் புளிச்சை வைத்தாள். செம்பருத்தி இனம்தான், இலை புளிக்கும், பூ உதிர்ந்த பிறகு அதைத் தாங்கிய மடல் சிவந்து சதைபிடித்து நிற்கும். மத்தி மீன் குழம்பில் புளிக்குப் பதிலாக அந்த இலையைக் கிள்ளிப் போடுவாள். ஆடிக் காற்று அங்கே மனிதரையே தள்ளும். ஒவ்வொரு செடிக்கும் கம்பு ஊன்றி, சணலால் கட்டி, கிளை பிரிய நுனி கிள்ளி வளர்த்தாள். "ஏட்டி, வீட்டு முன்னால ஆட்டுத் தீனியா வளக்குத? வாறவன் சிரிப்பாம்லா" என்பது அன்று சித்தப்பாவின் கருத்து.

பிறகு போனில் ஒரு வீடியோ பார்த்தார். வெளிநாட்டில் அந்த மடலைக் காயவைத்து டீ போடுகிறார்களாம், ரத்தக்கொதிப்பு இறங்குமாம். மறுநாளே ஆட்டுத் தீனி மூலிகையாயிற்று, சித்தப்பா வைத்தியரானார். ஓலைத் தொப்பி வைத்துக்கொண்டு, சித்தி கட்டிய கம்புகளுக்கு நடுவே நின்று "என் தோட்டம்" என்று வீடியோ எடுத்துப் போட்டார். சர்ச்சில் அறுப்பின் பண்டிகை அன்று மைக்கைக் கெஞ்சி வாங்கி, ஆண்டவர் தந்த மருந்தைப் பற்றி முழங்கினார். மண்வெட்டியைப் பிடித்தால் காலை வெட்டிக்கொள்ளும் மனிதர்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். சித்திக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. "ஊருக்கெல்லாம் மருந்து சொல்லுகவன் பெண்டாட்டி குளிகை முழுங்கினா எவன் நம்புவான்?" என்று அவளுடைய மாத்திரைகளை நிறுத்திவிட்டார். வடசேரிச் சந்தையில் அவளைப் பார்த்தபோது, ஒரு கையால் கடைத்தட்டைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"குளிகை போடுதியளா, சித்தி?"

"இல்ல மக்கா. தலை சுத்தத்தான் செய்யுது. அவருக்கு மனசு நோவும்லா."

அன்றே சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். "நாலு எழுத்து படிச்சா நீ டாக்டராயிருவியா?" என்று கேட்டுவிட்டு வைத்தார். படிக்காமலே டாக்டரானவருக்கு அந்தக் கேள்வியில் எந்தக் கூச்சமும் இல்லை.

கார்த்திகை மழையில் சித்தி அடுக்களையில் விழுந்தாள். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன, நாக்கு குழறியது. மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். சித்தப்பா தலை குனிந்திருப்பார் என்று நினைப்பவர்களுக்கு அவரைத் தெரியாது. "அவ டீயை ஒழுங்காக் குடிக்கல்ல டாக்டர். சீனி போட்டுல்லா குடிச்சா" என்றார். என் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சிறிய மனிதருக்கு எப்படி இவ்வளவு பெரிய குரல் என்றுதான் தோன்றியது.

சித்தி இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறாள்; மாத்திரையை என் அம்மா வந்து கொடுக்கிறாள். சித்தப்பாவின் வீடியோக்களும் நடக்கின்றன, கூடவே புளிச்சை நாற்று விற்பனையும். போன மாதம் நான் அங்கே இருந்தபோது, ஒரு பெண் தன் வயதான அப்பாவோடு நாற்று வாங்க வந்தாள். வாசலை ஒட்டிய சிட்டவுட்டில் அவர்களை உட்காரவைத்துப் பிரசங்கம் நடந்தது.

"அப்பா மாத்திரையை நிறுத்திடலாமா, சார்?" என்று கேட்டாள் அவள்.

"தாராளமா."

சித்தி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "நிறுத்தாத மக்கா," என்றாள். சொற்கள் கோணலாக வந்தன. "நான்... நிறுத்துனேன்."

சித்தப்பா சிரித்தார். "அவளுக்குப் பேச்சு சரியில்ல. சொல்லது ஒண்ணும் புரியாது."

அந்தப் பெண் சித்தியின் தொங்கும் கையைப் பார்த்தாள். "எனக்குப் புரிஞ்சுது," என்றாள். நாற்றுக் கவரைத் தரையில் வைத்துவிட்டு, அப்பாவைக் கைத்தாங்கலாகப் படியிறக்கினாள்.

சித்தப்பா பின்னாலேயே தெருவுக்கு ஓடினார். "சும்மா கொண்டு போங்க, பைசா வேண்டாம்" என்று கூவினார். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

சித்தி ஒரு பக்க உதட்டால் சிரித்தாள். இந்த முறை அவள் சொன்னது குழறவே இல்லை.

"மக்கா, கேட்டைச் சாத்து."

சாத்திவிட்டு வந்தேன். அவர் இன்னும் தெருவில்தான் கூவிக்கொண்டிருந்தார்.