அக்கா தானே காத்த கால்

என் அக்காவுக்கு இனிப்பு என்றால் உயிர். மருதனார்மடத்தில் எங்கள் இருவரின் வீடுகளும் அடுத்தடுத்த வளவுகளில் இருந்தன. அவள் தேத்தண்ணியோடு பனங்கட்டி கடிக்கும் சத்தம் வேலி தாண்டிக் கேட்கிறது என்று அத்தான் பகிடி பண்ணுவார். இரத்தத்தில் சீனி கூடிச் சலரோகம் என்று தெரிந்த பிறகும் அவள் எதையும் குறைக்கவில்லை. குளிசை போட்டால் போதும் என்றிருந்தாள்.

பிறகு போர் மூண்டு, வெளியிலிருந்து சாமான் வரும் பாதை பூட்டப்பட்டது. மண்ணெண்ணெய், சவர்க்காரம் போல மருந்தும் கிடைப்பது அருமையாகிவிட்டது. அந்தக் காலத்தில்தான் அக்காவின் வலது காலில் சிறிய காயமொன்று வந்து, ஆறாமல் கறுத்தது. ஆஸ்பத்திரியில் சின்ன விரலை எடுத்துவிட்டார்கள்.

கட்டிலருகே நின்ற அத்தான் பல்லைக் கடித்தார். "மருந்தை மறிச்சவங்களாலைதான் உனக்கு இந்தக் கோலம்."

"மருந்து வராதது அவங்கடை பிழைதான்," என்றாள் அக்கா. "ஆனால் மருந்து இருந்த காலத்திலையும் நான் திண்டனான். அது என்ரை பிழை."

டொக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "மிச்ச விரலுகளைக் காப்பாத்த என்னட்டைப் பெரிசா ஒண்டும் இல்லையம்மா. இனி நீங்கள் சாப்பிடுறதிலைதான் இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் அத்தான் பனங்கட்டியை எல்லாம் நெல் மூட்டைக்குள் ஒளித்து வைத்தார். அக்கா அதைக் கண்டுவிட்டாள்.

"இஞ்சருங்கோ, ஒளிக்காதேங்கோ. ஒளிச்சால் நான் தேடுவன். கண்டெடுத்தால் தின்பன். முந்தி இருந்த இடத்திலையே வையுங்கோ. என்ரை வாயை நான் பாக்கிறன்."

அவர் தயங்கித் தயங்கித் திரும்பவும் அடுப்படிச் சுவர்த் தட்டில் கொண்டுபோய் வைத்தார். அவள் தாக்குப் பிடிப்பாள் என்று நானும் நம்பவில்லை.

ஆனால் அக்கா மாறினாள். குரக்கன் பிட்டு, அதுவும் அளவோடு. முருங்கையிலை வறை, பாவற்காய். பின்னேரங்களில் தோட்டத்து வரம்பில் நடை. படுக்கப் போகுமுன் முகம் பார்க்கும் கண்ணாடியைக் காலடியில் பிடித்து உள்ளங்காலில் புதுக் காயம் உண்டோ என்று பார்ப்பாள்.

ஒரு தைப்பொங்கலன்று பானையைக் கிளறியபடியே அகப்பையை என்னிடம் நீட்டினாள். "இனிப்புக் காணுமோ எண்டு பாத்துச் சொல்லு, தங்கச்சி." ஏலமும் நெய்யும் மணத்துக்கொண்டிருந்தன. அவளுடைய தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு எல்லோருக்கும் தன் கையாலேயே அள்ளி வைத்தாள். தனக்கு மட்டும் வைக்கவில்லை.

காயம் மெல்ல மெல்ல மூடியது. டொக்டர் அந்தக் காலை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை நாங்கள் செய்யேல்லை," என்றார்.

தொண்ணூற்றைந்தின் கடைசியில், இராணுவம் முன்னேறிவர, எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை. சனத்துக்குள் சைக்கிளைக்கூட உருட்ட முடியவில்லை. அத்தான் தூக்குகிறேன் என்றார், அக்கா மறுத்துவிட்டாள். இடையிடையே மதகுக் கட்டில் குந்தியிருந்து, தோள் பையிலிருந்து உலர்ந்த துணியை எடுத்து, விரலிடுக்குகளைத் துடைத்துக்கொண்டு மறுபடி நடந்தாள். யாரோ அவளை ஏற்றுவதற்கு வண்டிலை நிறுத்தினார்கள். பின்னால் வந்த பிள்ளைத்தாய்ச்சியை அதில் ஏற்றிவிட்டாள்.

ஒருவழியாக இரண்டு வீட்டுப் பிள்ளைகளோடும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஒதுங்கினோம். நான் குனிந்து அவளுடைய பாதங்களைப் பார்த்தேன். மழையில் ஊறி வெளிறியிருந்தன. ஒரு கீறல்கூட இல்லை. கால் வீங்கிச் சுருண்டு கிடந்த சனத்துக்கு நடுவே, ஒரு விரல் இல்லாத அந்தக் காலை நான் கோயிலில் நிற்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பாக்கிறாய்? பிள்ளையளுக்குப் பசிக்கும்," என்று சொல்லிவிட்டு அக்கா விறகு தேட எழுந்து போனாள்.