மேஜரின் இடது பக்கம்

வாடகைக் கார் எடுத்திருக்கிறீர்களா? சாவியை வாங்குவதற்கு முன்னால் வண்டியை நாலு பக்கமும் சுற்றி வந்து போட்டோ எடுத்துக்கொள்வீர்கள்தானே? திருப்பிக் கொடுக்கும்போது ஒரு கீறலைக் காட்டி, 'இது நீங்க போட்டதுதான்' என்று நம் தலையில் கட்டிவிடக் கூடாதே...

போன மாதம் நான் அதையே என் நாய்க்குச் செய்தேன்.

இடம், பண்ணைக்காடு. எஸ்தர் வீட்டு வாசல். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. மேஜர் பொறுமையாக நின்றான். மேஜர்தான் நாய். பாதி ஜெர்மன் ஷெப்பர்டு, மீதிப் பாதி அசல் நாயுடுபுரத்துத் தெருநாய். உடம்பெல்லாம் கறுப்பு. இடது முன்னங்கால் மட்டும் வெள்ளை, சுண்ணாம்பில் கால் வைத்துவிட்டு வந்த மாதிரி. (இந்தக் காலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

"என்னா சார், வண்டியை சர்வீசுக்கு விடுற மாதிரில்ல படம் புடிக்கிறீங்க?" என்று சிரித்தார் எஸ்தர்.

"சும்மா... ஒரு ஞாபகத்துக்கு" என்றேன். என் மனைவி ஸ்டெல்லா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எஸ்தர், கொடைக்கானலில் ஒரு பள்ளி ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்தவர். இப்போது காபித் தோட்டத்தை ஒட்டிய தன் வீட்டில், வெளியூர் போகிறவர்களின் நாய்களைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு நாய்தான். எங்கள் கொடைக்கானலுக்குள் இரண்டு இடங்களில் மேஜரை வேண்டாம் என்று சொல்லிவிட்டதால்தான் மலை இறங்கி அவரிடம் வந்தோம். ஏன் வேண்டாம் என்றார்கள்? அப்புறம் சொல்கிறேன்.

கிளம்பும்போது எஸ்தர் ஒரு நோட்டை நீட்டினார். பெயர், வயது, சாப்பாடு, மருந்து, கெட்ட பழக்கம் என்று அழகாகக் கோடு போட்டு வைத்திருந்தார். பூர்த்தி செய்து, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அந்த நோட்டைப் பற்றியும் அப்புறம்தான்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும் — நான் யாரையும் சுலபத்தில் நம்புகிற ஆள் இல்லை. இளநீர்க்காரர் உள்ளே போய்விட்டு வந்து சீவிக் கொடுத்தால்கூட, 'என் கண்ணு முன்னாடி சீவுங்க' என்று கேட்கிறவன். அப்படிப்பட்டவன் வெளிநாடு போவதென்றால் சும்மாவா?

போனது லிஸ்பன். என் ஆசை இல்லை, ஸ்டெல்லாவின் ஆசை. பள்ளியில் முப்பது வருஷம் ஜியாக்ரபி டீச்சர். இந்தியாவுக்குக் கடல்வழி தேடிக் கப்பல் கிளம்பிய அந்த ஆற்றங்கரையைச் சுவரில் தொங்கும் மேப்பில் காட்டிக் காட்டியே ரிட்டையர் ஆனவள்.

"முப்பது வருஷமா விரலால போயிட்டு வந்துட்டேங்க. ஒரே ஒரு தடவை காலால போகணும்" என்றாள்.

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

மதுரை ஏர்போர்ட்டில் சூட்கேஸைக் கொடுப்பதற்கு முன் அதையும் நாலு பக்கம் படம் எடுத்தேன். விமானத்தில் உட்கார்ந்ததும் குனிந்து, சீட்டுக்கு அடியில் லைஃப் ஜாக்கெட் நிஜமாகவே இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவினேன். பணிப்பெண் ஓடி வந்து, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். "இவருக்கு நம்பிக்கைதான் தொலைஞ்சுபோச்சு" என்று ஸ்டெல்லா தமிழிலேயே பதில் சொன்னாள். அந்தப் பெண்ணும் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போனார்.

தங்கின வீடு இன்னும் மோசம். வரவேற்க ஒரு மனுஷர் கிடையாது! வாசலில் ஒரு குட்டிப் பெட்டி. போனில் வந்த நம்பரைத் திருகினால் பெட்டி திறக்கிறது, உள்ளே சாவி. முகமே பார்க்காமல் ஒருவன் தன் வீட்டைக் கொடுக்கிறான் என்றால் என்ன அர்த்தம்? நமக்கு முன்னால் தங்கியவனுக்கும் அந்த நம்பர் தெரியும்தானே? கதவுக்குப் பின்னால் நாற்காலியை முட்டுக் கொடுத்தேன். கூரையில் வட்டமாக ஏதோ சிவப்பாகக் கண் சிமிட்டியது. கேமராவேதான்! என் காலுறை ஒன்றை அதன்மேல் மாட்டிவிட்டேன்.

"அது புகை வந்தா கத்துற மெஷினுங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி" என்று ஸ்டெல்லா நாற்காலியில் ஏறி அதைக் கழற்றினாள்.

எஸ்தர் சொன்ன சொல் தவறவில்லை. தினமும் ஒரு போட்டோ அனுப்பினார். பண்ணைக்காட்டில் மதியச் சாப்பாடு முடிகிற நேரம், லிஸ்பனில் எங்களுக்குக் காலை காபி. மேஜர் படுத்திருக்கிறான். மேஜர் தூங்குகிறான். மேஜர் படுத்துக்கொண்டே சாப்பிடுகிறான்...

நாலாவது நாள்தான் எனக்குப் பொறி தட்டியது. எல்லாப் படத்திலும் வலது பக்கம் மட்டுமே தெரிகிறதே! இடது பக்கம் எங்கே?

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். காலையில் ரொட்டி வாங்கப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். அரை மணி நேரம் வெளியே போயிருந்தவள் வெறுங்கையோடு நின்றாள்.

"ரொட்டி எங்கே?"

"மறந்துட்டேன்" என்றாள்.

கடை வரைக்கும் போய்விட்டு ரொட்டியை எப்படி மறக்க முடியும்? நியாயமாக அங்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உலகத்தில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் ஸ்டெல்லாதான்.

எஸ்தருக்கு மெசேஜ் போட்டேன்: 'இடது பக்கம் ஒரு போட்டோ அனுப்பவும்.' நாளைக்கு அனுப்புகிறேன் சார் என்று பதில். மறுநாளும் வலது பக்கமே வந்தது. ஊர் பார்க்கப் போன இடத்தில் டிராம் தெரியவில்லை, சர்ச் தெரியவில்லை. கொடைக்கானல் மாதிரியே ஏற்றமும் இறக்கமுமான தெருக்களில் செல்போனைப் பார்த்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தேன்.

ஏழாவது நாள் வந்துவிட்டது இடது பக்கம். மேஜர் சுவரோரமாகப் படுத்திருந்தான். ஒரு கீறல் இல்லை. வழவழவென்று கறுப்பு முடி. அப்பாடா!

இருங்கள்... அந்த வெள்ளைக் கால்? அது வலது காலாக அல்லவா இருக்கிறது?

ஊரில் எடுத்த நாலு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு மேஜருக்குப் பின்னால் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பெரிதாக்கினேன். தேதி எல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பிக் கிடந்தது! வலது பக்கத்துப் படத்தையே திருப்பிப் போட்டு இடது பக்கம் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

"நாய் செத்துப்போச்சு, ஸ்டெல்லா" என்றேன். "பழைய படத்தைத் திருப்பித் திருப்பி அனுப்புறாங்க. இல்லைன்னா வித்துட்டாங்க. டிக்கெட்டை மாத்துறேன். இன்னிக்கே கிளம்புறோம்."

ஸ்டெல்லாவின் முகம் வெளுத்துவிட்டது. "நாளைக்குத்தானேங்க அந்த ஆத்தங்கரைக்குப் போறதா இருந்தோம்..." என்றாள்.

"நாய் முக்கியமா, ஆத்தங்கரை முக்கியமா?"

இப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

அவள் தன் போனை எடுத்தாள். எஸ்தருக்கு வீடியோ கால் போட்டு போனை என் கையில் கொடுத்தாள். கொஞ்ச நேரம் இருட்டு, யாரோ நடக்கிற சத்தம், அப்புறம்... மேஜரின் முகம்! என் குரலைக் கேட்டதும் காது இரண்டும் விறைத்து நின்றன. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊளையிட்டான். உயிரோடு இருக்கிறான்!

"எஸ்தர், போனைக் கொஞ்சம் உடம்புப் பக்கம் காட்டுங்க."

"சார்... ஹலோ... இங்கிட்டு டவர் சரியில்ல சார்..." கட்!

உயிர் இருக்கிறது, ஆனால் என்னவோ நடந்திருக்கிறது. மறுநாள் ஆற்றங்கரைக்குப் போனோம். ஆறு கடலோடு சேர்கிற இடம். ஸ்டெல்லா தண்ணீரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. முப்பது வருஷக் கனவு, சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் பக்கத்தில் நின்று, எஸ்தரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

மதுரையில் இறங்கி நேரே டாக்ஸி. வத்தலக்குண்டில் டீ குடிக்கக்கூட நிறுத்த விடவில்லை. பண்ணைக்காடு பிரிவில் வண்டி திரும்பும்போதே போனில் அந்த நாலு படங்களையும் திறந்து தயாராக வைத்துக்கொண்டேன். சாட்சி!

எஸ்தர் வீட்டு கேட்டில் புதுசாக ஒரு பெரிய பூட்டு தொங்கியது. அவர் திறந்ததும் மேஜர் வந்தான். ஓடி வரவில்லை. நொண்டிக்கொண்டு வந்தான். இடது விலாவில் முடியைச் சுத்தமாக மழித்திருந்தார்கள். நடுவில் நீளமாகத் தையல்.

"என் நாயை என்ன பண்ணீங்க?" என்று கத்தினேன். முற்றத்தில் காபிக்கொட்டை காய வைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "படத்தைத் திருப்பிப் போட்டு ஏமாத்துறீங்களா? நான் என்ன இளிச்சவாயனா?"

எஸ்தர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

"அவங்ககிட்ட ஏன் கத்துறீங்க? என்னையக் கேளுங்க" என்றாள் ஸ்டெல்லா. "படத்தைத் திருப்பிப் போடச் சொல்லிக்குடுத்தது நான்தான். முப்பது வருஷம் பரீட்சை பேப்பர் திருத்தினவ, பின்னாடி காலண்டரைக் கவனிக்காம விட்டுட்டேன்."

நடந்தது இதுதான். நாங்கள் லிஸ்பனில் இறங்கிய மறுநாள், வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் எஸ்தர் வீட்டு வழியாகப் போயிருக்கிறது. கேட் சும்மா சாத்தித்தான் இருந்தது. மேஜர் அதைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து பின்சக்கரத்தைக் கடிக்கப் போயிருக்கிறான். ஜீப்பின் பக்கத்துத் தகரம் விலாவைக் கிழித்துவிட்டது. அதே ஜீப்பை நிறுத்தி, ரத்தம் சொட்டச் சொட்ட மேஜரை மடியில் போட்டுக்கொண்டு, வத்தலக்குண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் எஸ்தர். பதினோரு தையல்.

"மொத ரெண்டு மூணு நாளு பொழைக்குமான்னே தெரியல சார். தெனமும் டீச்சருக்குத்தான் போனப் போட்டேன். அவுக அங்கன ரொட்டிக்கடை வாசல்ல நின்னுக்கிட்டு அழுகுறாக, நான் இங்கன அழுகுறேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டாக."

"ஏன் சொல்லல?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"சொல்லியிருந்தா அடுத்த ஃபிளைட்ல கிளப்பிக் கூட்டிட்டு வந்திருப்பீங்க. இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்!"

ஆற்றங்கரையில் அவள் எதற்கு அழுதாள் என்று இப்போதுதான் உறைத்தது. எட்டு நாள் அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு, என் காலுறையைக் கூரையிலிருந்து கழற்றிக்கொண்டு, என்னோடு ஊர் சுற்றியிருக்கிறாள். பாவி நான்.

எஸ்தர் உள்ளே போய் அந்த நோட்டைக் கொண்டு வந்தார். சரி, அப்புறம் சொல்கிறேன் என்றேனே, சொல்லிவிடுகிறேன்.

மேஜருக்கு ஜீப்பைக் கண்டால் ஆகாது. எங்கள் தெருவுக்கே தெரியும். வீட்டில் காம்பவுண்டு சுவர் இருப்பதால் தப்பித்தோம். ஊருக்குள் கேட்ட இரண்டு இடங்களிலும் இந்த உண்மையைச் சொன்னேன். இரண்டு இடங்களிலும் முடியாது என்றார்கள். மூன்றாவதாக எஸ்தரும் அப்படிச் சொல்லிவிட்டால்? டிக்கெட் எடுத்தாகிவிட்டதே! அதனால், 'கெட்ட பழக்கம்' என்ற இடத்தில், ஸ்டெல்லா பார்க்காத நேரத்தில், நான் என் கைப்பட எழுதியிருந்தேன்: 'எதுவும் இல்லை.'

"ஜீப்பப் பாத்தா பாயும்னு ஒரே ஒரு வார்த்த எழுதியிருந்தா, கேட்டப் பூட்டியே வச்சிருப்பேன்ல சார்?" என்றார் எஸ்தர். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். நாயை நாலு பக்கமும் படம் எடுத்தேன், சூட்கேஸை எடுத்தேன், காரென்றாலும் எடுப்பேன். படம் எடுத்த இந்த ஆளை மட்டும் எந்தப் பக்கமும் எடுக்கவில்லை. ஊரெல்லாம் பொய் சொல்கிறது என்று திரிகிறவன்தான் அந்த நோட்டிலேயே பெரிய பொய்யை எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறான்.

"மன்னிச்சிருங்கம்மா" என்றேன். மேஜர் வந்து அந்த வெள்ளைக் காலைத் தூக்கி என் செருப்பின் மேல் வைத்தான். நாய்க்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

"தையல் பிரிக்க இன்னும் நாலு நாளு கெடக்கு சார். மலை ஏத்தத்துல குலுங்க வேணாம். அதுவரைக்கும் இங்கனயே கெடக்கட்டும்" என்றார் எஸ்தர். இவ்வளவுக்குப் பிறகும்! புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, கோடு போட்டு நீட்டினார்.

இந்தத் தடவை கெட்ட பழக்கம் என்ற இடத்தில் உண்மையைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். ஸ்டெல்லா நோட்டை என் கையிலிருந்து வாங்கி, 'ஓனரின் கெட்ட பழக்கம்' என்று கீழே ஒரு புதுக் கோடு போட்டு, மடமடவென்று முக்கால் பக்கத்துக்கு எழுதினாள்.

என்ன எழுதினாள் என்று கேட்கிறீர்களா? போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று போனை நீட்டினேன்... எஸ்தர் பட்டென்று நோட்டை மூடிவிட்டார். என்மேல் நம்பிக்கை இல்லையாம்!