வலி இல்லாமல் வந்த ரத்தம்

முதல் கல் வந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. டெல்லியில் ஓர் அமைச்சகத்தில் உதவியாளராக இருந்தேன். ஒரு நாள் காலை பதினொன்றரை மணிக்கு, கோப்பு ஒன்றைத் தேடி இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டுக்குக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. இடது இடுப்பிலிருந்து அடிவயிறு வரை, ஈரத்துணியைப் பிழிவதுபோல் யாரோ முறுக்கினார்கள். பிரசவ வலி எனக்குத் தெரியும். இது அதைவிட மோசம். இதன் முடிவில் குழந்தைகூடக் கிடையாது.

பக்கத்து மேசைப் பஞ்சாபிப் பெண் ஓடிவந்து என் முகத்தைப் பார்த்தாள். "பத்ரி ஹை. மேரே கோ பதா ஹை" என்றாள், தனக்குத் தெரியும் என்று. அவளுக்கு அதற்குள் மூன்று வந்து போயிருந்தன. பத்ரி என்றால் இந்தியில் சிறுநீரகக் கல். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அது ஆண்பிள்ளைக்கு வைக்கிற பெயர். ஆகவே அடுத்த பதினெட்டு வருடங்களில் எனக்கு வலி வரும்போதெல்லாம் என் கணவர், "என்ன, பத்ரி வந்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே வெந்நீர்ப் பையை எடுத்துவருவார். மொத்தம் ஐந்து முறை வந்தார். மூன்று முறை தானாக இறங்கிப் போனார், இரண்டு முறை மருத்துவமனையில் உடைத்து அனுப்பினார்கள்.

கல் ஏன் வந்தது என்பதில் பெரிய ரகசியம் இல்லை. நான் தண்ணீர் குடிப்பதில்லை. எங்கள் மாடியில் பெண்கள் கழிப்பறை பூட்டியே கிடந்தது. இரண்டு மாடி இறங்கி, நீண்ட வராந்தாவைத் தாண்டிப் போகவேண்டும். கூட்டம் நடக்கும் நாளில் அதிகாரிகள் நடுவிலிருந்து எழுந்து போக எனக்குக் கூச்சம். காலை எட்டரைக்கு கித்வாய் நகர் குவார்ட்டர்ஸில் ஒரு டம்ளர் காபியோடு கிளம்பினால், மாலை வீடு திரும்பித்தான் கழிப்பறை. டாக்டர்கள் ஒவ்வொரு முறையும் மூன்று லிட்டர் என்று எழுதிக் கொடுப்பார்கள். நானும் ஒரு வாரம் குடிப்பேன்.

ஐம்பத்து நான்காவது வயதில், செக்‌ஷன் ஆபீஸராக இருந்தபோது, ஒரு நாள் காலை பீட்ரூட் கழுவிய தண்ணீர்போலச் சிறுநீர் போயிற்று. வலியே இல்லை. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது, அதுதான் திரும்பி வந்துவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம், முந்தின நாள் சாப்பிட்டது பீட்ரூட்டேதானோ என்றும் நினைத்தேன். இரண்டு நாளில் நின்றுவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து மறுபடி வந்தது.

இந்த முறை கணவரிடம் சொன்னேன். அவர் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். அன்றே பெண்கள் மருத்துவரிடம் அழைத்துப் போனார். அந்த அம்மாள் பரிசோதித்துவிட்டு, கர்ப்பப்பையில் கோளாறு இல்லை, ரத்தம் சிறுநீரில்தான் வருகிறது என்று சிறுநீரகச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பினார். ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்தில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது.

எனக்கு உயிர் வந்தது. "பழைய ஆளுதான்" என்று கணவரைப் பார்த்துச் சிரித்தேன்.

அந்த இளம் டாக்டர் சிரிக்கவில்லை. கல் இருப்பது சரி, ஆனால் ரத்தம் கல்லால்தான் வருகிறது என்று அதிலே எழுதியிருக்கிறதா என்று இந்தியில் கேட்டார். வலி இல்லாமல் ரத்தம் வந்தால், இந்த வயதில், சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்காமல் விடமாட்டேன் என்றார். "அடுத்த வாரமே வந்துவிடுங்கள்."

நான் போகவில்லை. நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பிரிவுக்குத் தினமும் கேள்விகள் வரும். ஒவ்வொன்றுக்கும் பதிலும், அந்தப் பதிலிலிருந்து யாராவது துணைக்கேள்வி கேட்டால் அதற்கான குறிப்பும் நான்தான் தயார் செய்யவேண்டும். கூட்டத்தொடர் முடியட்டும் என்று சொல்லிவிட்டேன்.

"கல்லுன்னா வலிக்கணும்லா? வலிக்காம வருத ரத்தத்தக் கல்லுன்னு நீயா எப்படி முடிவு பண்ணுத?" என்றார் கணவர்.

"செஷன் நேரத்துல லீவு கேட்டா என்ன நெனப்பாங்க?"

"ஒடம்பு சரியில்லன்னு நெனப்பாங்க. வேற என்னத்த நெனப்பாங்க?"

இந்தப் பேச்சு எட்டு நாள் ஓடியது. ஒன்பதாம் நாள் மதியம் தலை நிமிர்ந்து பார்த்தால், இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் பூட்ஸுமாக அவர் எங்கள் பிரிவு வாசலில் நிற்கிறார். பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார். என்னிடம் வரவில்லை. நேரே என் அண்டர் செக்ரட்டரி அறைக்குப் போய், தன் கையெழுத்தில் எழுதிய என் விடுப்பு விண்ணப்பத்தை நீட்டினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சார், இவர் என்னைக் கேட்காமல்..." என்று ஆரம்பித்தேன்.

அண்டர் செக்ரட்டரி விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினார். "மேடம்ஜி, இதில் உங்கள் கையெழுத்து மட்டும்தான் குறைகிறது. போட்டுவிட்டுப் போங்கள். கேள்விக்குப் பதில் எழுத இங்கே ஆள் இருக்கிறார்கள்."

எனக்கு வந்த கோபத்தில் ஆட்டோவில் வீடு வரும்வரை கணவரோடு பேசவில்லை. ஜெயித்துவிட்ட மனிதர், வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

மருத்துவமனையில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள். கேமரா காட்டும் திரையை என் பக்கமும் திருப்பி வைத்தார் டாக்டர். இளஞ்சிவப்புச் சுவர், அதில் மெல்லிய நரம்புக்கோடுகள். ஓரிடத்தில் கடலடிப் பாசிபோல் சின்னதாக ஒன்று தண்ணீரில் ஆடியது. அழகாகத்தான் இருந்தது. அது என்ன என்று கேட்பதற்குள் டாக்டரின் குரல் மாறிவிட்டது. பக்கத்திலிருந்த நர்ஸிடம் எதையோ வேகமாகக் கேட்டார். அப்போதே தெரிந்துகொண்டேன்.

அதைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய்தான். ஆனால் உட்சுவரின் மேல்தோலோடு நின்றிருந்தது, தசைக்குள் இறங்கவில்லை.

குருகிராமில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் செய்தேன். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழ் அவ்வளவுதான், பாதி இந்தி. "அம்மா, கேன்சரா? மத்லப்... கேன்சர் கேன்சரா?" என்றாள்.

"ஆமா. ஆனா எடுத்தாச்சு."

"நீ ஜூட் சொல்ற. பாபாகிட்ட குடு."

நான் ஜூட், அதாவது பொய் சொல்கிறேனாம். அவள் அப்பாவிடம் கொடுத்தேன். நாள் முழுக்கப் பேசுகிற மனிதர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமாம்மா, ஆமாம்மா" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். நான்தான் திரும்ப வாங்கிப் பேசவேண்டியிருந்தது. மகள் அரைமணி நேரத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டாள். சாயங்காலம் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்த்தபோது என் மனதில் இருந்ததைக் கேட்டேன். கல்தான் இப்படி ஆகிவிட்டதா?

கல் புற்றுநோயாக மாறாது என்றார். வருடக்கணக்காகக் கல் இருந்து, திரும்பத் திரும்பக் கிருமித்தொற்றும் வந்தால் உட்சுவர் உரசி உரசிப் புண்ணாகிறது, அப்படிப்பட்டவர்களிடம் இந்த நோய் கொஞ்சம் கூடுதலாகக் காணப்படுவது உண்டு. ஆனால் கல் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இது வருவதே இல்லை. புகைப்பதுதான் இதைவிடப் பெரிய காரணம். "உங்களுக்கு எதனால் வந்தது என்று நான் சத்தியம் பண்ணமுடியாது. ஆனால் கல் உங்களுக்கு ஒரு கெடுதல் நிச்சயமாகச் செய்தது. எது வந்தாலும் கல்தான் என்று நினைக்கப் பழக்கிவிட்டது."

இந்தக் கடைசி வாக்கியம் எனக்குச் சரியாகச் சுட்டது.

சிறுநீரகத்தில் இருந்த கல்லையும் லேசரால் பொடித்து எடுத்தார்கள், இனிமேல் குழப்பமே வேண்டாம் என்று. பிறகு ஆறு வாரம், வாரம் ஒருமுறை, மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் மருந்து விட்டார்கள். இரண்டு மணி நேரம் அதை அடக்கி வைத்திருக்கவேண்டும். மற்ற நோயாளிகள் கடிகாரத்தைப் பார்த்துத் தவிப்பார்கள். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. "மேடம், நீங்கள் எங்கே பயிற்சி எடுத்தீர்கள்?" என்று நர்ஸ் கேட்டாள். "மத்திய அரசில்" என்றேன். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தபின் இரண்டு நாள் எரிச்சலும் லேசான காய்ச்சலும் இருக்கும். மகள் கூகுளில் பார்த்துப் பார்த்து ரசம் வைத்துக் கொடுத்தாள். புளி தூக்கலாக இருக்கும். குடித்துவிடுவேன்.

வேலைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக ஒரு குறிப்பு எழுதினேன். முப்பது வருடம் பிறர் விஷயங்களுக்குக் குறிப்பு எழுதிய எனக்கு, எங்கள் மாடிப் பெண்கள் கழிப்பறையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதுவது கஷ்டமாக இல்லை. கோப்பு மூன்று மேசை ஏறி இறங்கியது. நானும் அதன் பின்னாலேயே ஏறி இறங்கினேன். ஐந்தாம் வாரம் பூட்டை உடைத்துக் குழாய்களை மாற்றினார்கள். மாடியில் இருந்த பதினோரு பெண்களும் அன்று சமோசா வாங்கிக் கொண்டாடினோம்.

அந்தக் கொண்டாட்டத்தில்தான் பஞ்சாபித் தோழி என்னை ஓரமாக இழுத்துப் போய், தனக்கும் இரண்டு மாதமாக அவ்வப்போது சிவப்பாகப் போவதாகச் சொன்னாள். "பத்ரி ஹி ஹோகா" என்றாள், கல்லாகத்தான் இருக்கும் என்று.

"அப்படித்தான் நானும் சொன்னேன்" என்றேன். மறுநாள் காலை நானே அவளை அழைத்துப் போனேன். கேமரா பார்த்த டாக்டர் வெளியே வந்து, கல்லேதான், வேறொன்றும் இல்லை என்றபோது, அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் என் தோள்பட்டை நனைந்துவிட்டது.

நான் ஓய்வு பெற்றாயிற்று. குவார்ட்டர்ஸைக் காலி செய்து முனிர்கா பக்கம் ஒரு சின்ன ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றிருந்த கேமரா ஆறு மாதமாகி, இப்போது வருடத்துக்கு ஒருமுறை. போன மாதம் போனபோது டாக்டர் திரையைக் காட்டி, "பில்குல் ஸாஃப்" என்றார், முழுக்கச் சுத்தம் என்று. பாசி இல்லை, ஒன்றுமில்லை, வெறும் இளஞ்சிவப்புச் சுவர்.

வெளியே நல்ல குளிர்கால வெயில். நேரே ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய்ச் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கினோம். முருங்கைக்காய் முற்றல் என்று கணவர் கடைக்காரரோடு வாதாடினார். வாதாடிவிட்டு அதையேதான் வாங்கினார். ஆட்டோவில் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காய்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மத்தியானம் சாம்பாரா, வத்தக்குழம்பா?" என்று கேட்டார்.

"ரெண்டுந்தான் வைங்களேன்" என்றேன். அன்று அவர் சமையல்.