ஐந்தரை மணி நேரப் பிழை

என் கணவரின் தம்பி உப்பு வாரும் பலகையை ஓங்கி ஒருவர் மண்டையில் இறக்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அடி வாங்கியவர் பாத்தியில் குப்புற விழுந்தார். பிளந்த தலைக்குள் உப்புநீர் இறங்கியதும் அவர் போட்ட அலறலில், மெயின் ரோட்டில் போன பஸ்ஸிலிருந்துகூடத் தலைகள் திரும்பின. ஆறு தையல்.

சண்டை தண்ணீருக்கு. மரக்காணம் உப்பளத்தில் எங்கள் தெற்குப் பக்கத்துக்கும் வடக்குப் பக்கத்துக்கும் உப்புநீர் தருவது ஒரே வாய்க்கால்தான். அந்தக் கோடையில் மட்டம் இறங்கிக்கொண்டே போனதால் முறை வைத்தார்கள். விடியும் முன் எங்கள் மோட்டார், மதியத்துக்கு மேல் அவர்கள் மோட்டார். காலையில் யாரும் ஓட்டக் கூடாது, வாய்க்கால் நிரம்பட்டும். ஆனால் அவர்கள் முறை வரும்போது வாய்க்காலில் சேறுதான் இருந்தது. நீ திருடினாய், நான் திருடவில்லை என்று ஆரம்பித்து, வடக்குப் பக்கத்து ஆள் மண்டையில் பலகை இறங்கியதில் வந்து நின்றது.

வடக்குப் பக்கத்துப் பெரியவர் மறுநாள் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். "ஏம்மா, நீ கம்ப்யூட்டர் வேலைதான பாக்குற? மோட்டார் எப்ப ஓடுச்சுன்னு மெஷின்ல பதிவாவுதாமே. எடுத்துக் காட்டு. இல்லன்னா அடுத்தது கொலைதான்."

நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே டேட்டா வேலை செய்கிறேன். இங்கே இருந்த சிக்கல், பதிவுகள் மூன்று இடத்தில் கிடந்தன. எங்கள் மோட்டாரின் பதிவு இணையத்தில் ஒரு கிளவுடில், அவர்களுடையது இன்னொன்றில், வாய்க்கால் மட்டத்தை அளக்கும் கருவியின் பதிவு மூன்றாவதில். எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க ஒரு நிறுவனம் கேட்ட தொகையைப் பார்த்து இரண்டு பக்கத்தாரும் வேண்டாம் என்றார்கள். அவ்வளவு தேவையில்லை என்றேன். பத்து நொடிக்கு ஒன்றாக விழும் வரிகளை எல்லாம் வெளியே இழுத்தால்தான் காசு. அந்தந்தப் பதிவு இருக்கும் இடத்திலேயே, வேண்டிய நாட்களுக்கு மட்டும், அரை மணிக்கு ஒரு கூட்டுத்தொகை போடச் சொல்லி, அந்தச் சிறிய விடையை மட்டும் என் லேப்டாப்புக்கு எடுத்துக்கொண்டேன். இலவசமாகக் கிடைக்கும் ஒரு நிரலில் மூன்றையும் நேரம் பார்த்துப் பொருத்தினேன். டீச் செலவுகூட ஆகவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

உப்புக் கொட்டகையில் இரண்டு பக்கத்து ஆட்களும் கூடினார்கள். நான் போனில் அட்டவணையைக் காட்டினேன். "ரெண்டு மோட்டாரும் அவங்கவங்க முறையிலதான் ஓடியிருக்குது. ஆனா தினமும் காலையில ஏழுலேருந்து பதினொண்ணு வரைக்கும் தண்ணி இறங்குது. அப்ப ரெண்டுமே ஓடல. வேற எங்கயோ போவுது."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது.

"இறால் குட்டைக்காரன்டா!" என்று கத்தியது என் கணவரின் தம்பி. என் போனைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஓடினான். நேற்று வரை ஒருவரையொருவர் வெட்டப் பார்த்தவர்கள் ஒன்றாகப் பின்னால் ஓடினார்கள்.

வாய்க்காலை ஒட்டி இருந்த இறால் பண்ணையில் அப்போது இருந்தவர் காவல்காரர் ஒருவர்தான். பெருமுக்கல் பக்கத்திலிருந்து வேலைக்கு வருபவர், நாற்பது வயதிருக்கும். தீவனச் சட்டியோடு நின்றவரைக் கரையிலிருந்து இழுத்துப் போட்டார்கள். "நாங்க வாய்க்கா தண்ணியே எடுக்கலீங்க, எங்களுது போர்வெல் தண்ணிங்க" என்று அவர் கும்பிட்டார். "ஆதாரம் இருக்குதுடா" என்று கணவரின் தம்பி என் போனை அவர் முகத்தில் இடித்துவிட்டு, அதே கையால் தாடையில் குத்தினான். பிறகு யார் யார் அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. கும்பிட்ட கையைத் தரையில் வைத்து யாரோ கடப்பாரையால் குத்தினார்கள். நான் கூட்டத்துக்குள் புகுந்து கத்தினேன். என் முழங்கையில் ஒரு அடி விழுந்ததோடு சரி, யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்தேன். போர்வெல் தண்ணி என்று காவல்காரர் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. முதல் முறையாக எங்கள் மோட்டாரின் பதிவில் கூட்டுத்தொகையை விட்டுவிட்டு மூல வரிகளைப் பார்த்தேன். அந்த நொடியில் வந்து விழுந்த வரி, மோட்டார் ஓடுகிறது என்றது. நேரம் மட்டும் விடிகாலை நாலரை என்றது.

ஜன்னலுக்கு வெளியே எங்கள் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. தினமும் கேட்டுப் பழகிய சத்தம்; அதை நேரத்தோடு சேர்த்து நான் யோசித்ததே இல்லை.

மற்ற இரண்டு கிளவுடும் நம் நேரத்தில் எழுதின. எங்களுடையது உலகப் பொது நேரத்தில் எழுதியது; ஐந்தரை மணி நேரம் பின்னால். அந்த ஐந்தரையை நான் கூட்டிக்கொள்ளவில்லை. காலை ஏழு மணிக்கு ஓடிய மோட்டார் என் அட்டவணையில் விடியும் முன் ஒன்றரைக்கு, எங்கள் முறைக்குள்ளேயே, ஓடியதாக விழுந்திருந்தது. முதலிலேயே மூலப் பதிவில் பத்து வரியை எட்டிப் பார்த்திருந்தால் போதும். அதற்குச் செலவே கிடையாது.

மோட்டாரை ஓட்டுவது கணவரின் தம்பிதான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"விடியறதுக்கு முன்னாடி எவன் அண்ணி முழிச்சிருப்பான்? காலையில ஓட்டுனேன். அதுக்கு என்ன இப்ப?"

"தெரிஞ்சுக்கிட்டேதான் அந்த ஆள அடிச்சியா?"

"நீதான காட்டுன?"

"ஸ்டேஷன்ல சொல்லப் போறேன்."

அறைந்தான். காது அடைத்துப் போனது. லேப்டாப்பைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். என் கணவர் அவன் கழுத்தைப் பிடித்து நெருக்க, இருவரும் சமையலறை வரை உருண்டார்கள். அவனை விட்டு எழுந்த கணவர் மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்து, "யோசிச்சுப் பண்ணு" என்றார்.

ஸ்டேஷனுக்குப் போனேன். என் பிழையையும் அவன் ஓட்டியதையும் எழுதிக் கொடுத்தேன். விஷயம் தெரிந்து அன்று மாலையே வடக்குப் பக்கத்து ஆட்கள் எங்கள் மோட்டார் கொட்டகையைக் கொளுத்தினார்கள். கணவரின் தம்பியைப் போலீஸ் கைது செய்தது. இப்போது ஜாமீனில் இருக்கிறான். வழக்கு நடக்கிறது.

புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் காவல்காரரைப் பார்க்கப் போனேன். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். வலது கையில் மூன்று விரல் இனி மடங்காது என்று அவர் மனைவி சொன்னார். நடந்ததை எல்லாம் நின்றபடியே சொன்னேன். அவர் பல்லைத் திறக்க முடியாமல் ஏதோ கேட்டார். மனைவி குனிந்து கேட்டு எனக்குச் சொன்னார்.

"உங்க கம்ப்யூட்டர்ல இவரு பேரு இருந்துச்சான்னு கேக்குறாரு."

"இல்லீங்க. இறால் குட்டையே அதுல இல்ல."

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப எதுக்குங்க அடிச்சாங்க?"

வாங்கி வந்த பழங்களை வைத்துவிட்டு நகர்ந்தேன். "அத எடுத்துக்கிட்டுப் போங்கம்மா, அவரால மெல்ல முடியாது" என்றார். எடுத்துக்கொண்டு வந்தேன்.