கடைசி நாலு பேர்

மருந்துக் கிடங்கில் அவளை எல்லோரும் நிதானக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடவும் மாட்டாள், சும்மா நிற்கவும் மாட்டாள். கையில் ஸ்கேனர், முன்னால் தள்ளுவண்டி. திரையில் வரும் மருந்துப் பெட்டியை அலமாரி அலமாரியாகத் தேடிப்போய் எடுத்து, பீப் சத்தம் கேட்டதும் வண்டியில் போடுவாள். ஒன்பது வருஷமாக இதே நடைதான். நாற்பத்தாறு வயதில் முட்டி மட்டும் படியேறும்போது முணுமுணுக்க ஆரம்பித்திருந்தது.

அந்த வருஷ ஆரம்பத்தில் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். யார் ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை பெட்டி எடுக்கிறார், அவருடைய பெர்சன்டைல் என்ன என்று அதில் போட்டிருந்தது. தொடர்ந்து இரண்டு மாதம் பத்துக்குக் கீழே போனால் வேலை கிடையாது. அவள் எடுத்தது அறுநூற்றுப் பத்து பெட்டி. பெர்சன்டைல் இருபத்தைந்து.

"நாப்பது பேர்ல உங்களுக்குக் கீழ பத்துப் பேர் இருக்காங்க. பத்தை நாப்பதால வகுத்து நூறால பெருக்குங்க. அவ்வளவுதான்" என்றார் சூப்பர்வைசர்.

வீட்டில் சொன்னபோது, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "நூத்துக்கு இருபத்தஞ்சா? பள்ளிக்கூடத்துல இதுக்கு ஃபெயிலாச்சே."

"அது மார்க் இல்லீங்க. வரிசையில நான் எங்க நிக்கிறேன்னு சொல்லுது. நூறு பேர் நின்னா என் பின்னாடி இருபத்தஞ்சு பேர் இருக்காங்கன்னு அர்த்தம்."

"அப்ப பின்னாடி ஆள் இருக்கிற வரைக்கும் பயமில்லை" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார்.

இரண்டு மாதம் கழித்து நாலு பேரை அனுப்பினார்கள். அதில் ரேடியோவும் ஒருத்தி. மூணாவது வரிசையில் நின்று ஏழாவது வரிசைக்காரியோடு பேசுவாள் என்பதால் அந்தப் பேர். லாக்கரைக் காலி செய்தபடி, "இனிமே உங்க காதுக்கு விடுதலைக்கா" என்றாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அடுத்த பட்டியலில் நிதானக்காவுக்குப் பதினாறு சொச்சம். 'போன தடவையைவிடப் பன்னிரண்டு பெட்டி கூட எடுத்தோமே' என்று குழம்பினாள். சரி, போதவில்லை போலிருக்கிறது என்று டீ குடிக்கும் நேரத்தையும் விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தாள். அறுநூற்று நாற்பது வரை வந்தாள். மறுபடி நாலு பேர் போனார்கள். அந்த மாதப் பட்டியலில் அவள் பேருக்கு நேரே ஆறேகால் என்று இருந்தது.

அன்று மத்தியானம் சாப்பாட்டு அறையில் டிபனைத் திறக்காமலே ஒரு அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து எழுதிப் பார்த்தாள். முதலில் நாற்பது பேர், அவளுக்குக் கீழே பத்து. நாலு பேர் போனதும் முப்பத்தாறு பேர், கீழே ஆறு. ஆறை முப்பத்தாறால் வகுத்தால் அந்தப் பதினாறு சொச்சம். இன்னும் நாலு பேர் போனதும் முப்பத்திரண்டு, கீழே இரண்டே பேர். ஆறேகால்.

இரண்டு தடவை சரிபார்த்தாள். எங்கேயும் பிசகில்லை. அவள் வேலையில் எந்தக் குறையும் இல்லை. மேலே இருந்தவர்களும் பயத்தில் வேகமாக ஓடினார்கள். கீழே இருந்தவர்களை வேலையைவிட்டே அனுப்பிவிட்டார்கள். நின்ற இடத்திலேயே நின்றவள் விளிம்புக்கு வந்துவிட்டாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை. மூடியை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனாள்.

"சார், நாளைக்கு நாங்க முப்பத்திரண்டு பேரும் ஆயிரத்துக்கு மேல எடுக்கிறோம்னு வைங்க. ஒவ்வொருத்தர் எண்ணிக்கையும் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். அப்பவும் பத்துக்குக் கீழ நாலு பேர் வருவாங்கல்ல?"

அவர் பேனாவால் மேஜையில் கணக்குப் போட்டார். "வருவாங்க."

"ஆயிரம் எடுத்தவங்களையும் வெளிய அனுப்புவீங்களா?"

"கம்ப்யூட்டர் குடுக்கிறதை நான் ஒட்டறேம்மா."

"ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாருங்க சார்."

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் கையை நீட்டினார். "அந்த அட்டையைக் குடுத்துட்டுப் போங்க. மேல கேக்கறேன்."

மேலேயிருந்து பதில் வருவதற்குள் அடுத்த பட்டியல் வந்தது. இடையில் இரண்டு பெண்கள் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். எந்த அலமாரி எங்கே என்றே அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. முப்பத்திநாலு பேரில் அவளுக்குக் கீழே நாலு பேர், பதினொன்றே முக்கால். தப்பித்தாள். அந்த நாலு பேரில் பழையவர்கள் இருவருக்கும் அது இரண்டாவது தடவை. அவர்கள் கிளம்பியபோது நிதானக்கா பின்பக்க அலமாரியில் இல்லாத வேலையைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த மாதம் ஆர்டர்கள் குவிந்தன, எடுக்க ஆளில்லை. லாரிகள் வாசலில் காத்துக்கிடந்தன. ஒரு திங்கட்கிழமை பட்டியலைக் கிழித்துவிட்டுச் சின்னத் தாள் ஒன்றை ஒட்டினார்கள்: நாளொன்றுக்கு ஐந்நூறு பெட்டி எடுத்தால் போதும்.

"உங்க அட்டையை அனுப்பினேன்மா. படிச்சாங்களான்னு தெரியாது. ஆள் கிடைக்கலைங்கறதுதான் காரணம்னு நினைக்கிறேன்" என்றார் சூப்பர்வைசர். பொய் சொல்லாததற்காகவே அவர்மேல் அவளுக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

ரேடியோவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவள் இப்போது ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள்.

"ஐநூறா? நான் ஐநூத்தி அறுபது எடுத்தேனேக்கா."

"எடுத்தே. எனக்குத் தெரியும். திரும்ப வர்றியா, கேட்டுப் பாக்கவா?"

மறுமுனையில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், "வேணாங்க்கா. இங்க துணி சுருக்கம் போச்சா, போகலையான்னு மட்டும்தான் பாக்கறாங்க" என்றாள்.

மறுநாள் நிதானக்கா லீவு சொன்னாள். ஒன்பது வருஷத்தில் காய்ச்சல், தலைவலி என்று எதுவும் இல்லாமல் அவள் எடுத்த முதல் லீவு. கணவர் வேலைக்குப் போனதும் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தாள். முழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எழுந்திருக்கத் தோன்றாமல் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள்.