பிறவிக் கை

தாம்பரம் ரயில் நிலையத்தின் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் அனுப்பிரியாவைப் பற்றி அவளோடு வேலை பார்ப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: அவளுக்குப் பிறவிக் கை. கூடைப்பந்தைக் கையில் கொடுத்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் வளையத்துக்குள் விழும். பதினாறு வருடத்துக்கு முன்னால் விளையாட்டு ஒதுக்கீட்டில் இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அந்தக் கைதான். மனுஷியும் லேசுப்பட்டவள் இல்லை. யாராவது புகழ்ந்தால், "எல்லாம் கடவுள் குடுத்தது சார், நான் ஒண்ணும் பண்ணல" என்று அடக்கமாகச் சிரிப்பாள். அந்த அடக்கம் இருக்கிறதே, அதுதான் முழுப் பொய்.

போன மழைக்காலத்தில் சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளத்தில் ஸ்கூட்டி சறுக்கி, அந்தக் கையின் மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று சோறு பிசையவே கை தடுமாறியது. "எலும்பு சேந்துடுச்சும்மா, பயப்படாம பழகுங்க" என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அனுவுக்கு இருந்தது இரண்டு பயம்.

கை வராமல் போனால் ரயில்வே டீமிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்பது ஒரு பயம். பழகிப் பழகி அது திரும்ப வந்துவிட்டால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய பயம். கேட்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். மாளவிகாவைத் தெரிந்தவர்களுக்குத் தோன்றாது.

மாளவிகா கல்லூரியில் அவளோடு ஒரே டீமில் ஆடியவள். ஓட்டத்தில் அனுவைத் தூக்கிச் சாப்பிடுவாள். கூடையில் போடுவது மட்டும் வராது. ரயில்வேயில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்த வருடம், ஆடிக்காட்டும் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது வந்து கேட்டாள்: "எப்படிடி போடுற? எனக்கும் சொல்லிக் குடேன்."

"இதெல்லாம் சொல்லிக் குடுத்து வராதுடி. பிறவியிலேயே இருக்கணும்" என்று வாய் கூசாமல் சொன்னாள் அனு. நாலு வருடமாக, யாருக்கும் தெரியாமல் விடிவதற்கு முன்பே மைதானத்துக்குப் போய், தினமும் முந்நூறு பந்து போட்டவள் பேசிய பேச்சு இது. மாளவிகா நம்பினாள். தேர்வுக்கே போகவில்லை. இன்றைக்கு குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்றபடி புடவை விரித்துக் காட்டுகிறாள்.

இதில் கொடுமை என்னவென்றால், கை உடைந்ததும் முதலில் ஓடி வந்தவள் அவள்தான். தலை பின்னிவிட்டாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கட்டுப் பிரித்த பிறகும் விடவில்லை. "வா, நான் பந்து எடுத்துப் போடறேன்" என்று தினமும் காலையில் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வேண்டாம் என்று சொல்ல அனுவிடம் ஒரு சாக்கும் இல்லை.

முதல் வாரம் பந்து வளையத்தைக்கூட எட்டவில்லை. "கவலப்படாத, உன் கை எங்க போயிடப் போகுது" என்றாள் மாளவிகா. இரண்டாவது வாரம் வளையத்தில் பட்டது. முழங்கையை உள்ளே இழு, விரலைக் கடைசியாக விடு என்று பழைய பாடங்களை அனு தன்னையறியாமல் முணுமுணுத்தாள். மூன்றாவது வாரத்தில் மாளவிகா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அதை அனு கவனித்தாள். வேண்டுமென்றே இரண்டு மூன்று பந்தைத் தவறவிட்டுக்கூடப் பார்த்தாள்.

ஒரு திங்கட்கிழமை, வரிசையாக ஒன்பது விழுந்தது. பத்தாவதுக்கு மாளவிகா பந்தைத் தரவில்லை. இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"முதல் வாரம் உனக்கு ஒண்ணுமே வரல, அனு."

"கை உடைஞ்சிருந்துச்சே."

"இப்ப வந்துடுச்சு. எப்படி வந்துச்சுன்னு நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன். முழங்கைய உள்ள இழுக்கணும்னு பிறக்கும்போதே தெரியுமா உனக்கு?"

மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஓர் எலெக்ட்ரிக் ட்ரெயின் பீச் ஸ்டேஷன் பக்கமாகப் போனது. அது போய் முடிகிற வரை நேரம் கிடைத்தது. சொல்வதற்குப் பொய் ஒன்றும் கிடைக்கவில்லை.

"தினமும் முந்நூறு போட்டேன்டி," என்றாள். "நாலு வருஷம். உங்கிட்ட மறைச்சுட்டேன். ஒரு எடந்தான் இருந்துச்சு."

மாளவிகா திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அனுவைத் தாண்டி வந்து கோட்டில் நின்று, முழங்கையை உள்ளே இழுத்துப் பந்தைப் போட்டாள். அது வளையத்தில் பட்டுத் தெறித்து வேலிப் பக்கம் உருண்டது.

"எடுத்துப் போடு," என்றாள், அனுவின் முகத்தைப் பார்க்காமல்.

அனு ஓடினாள். பந்தை எடுத்து அவளிடம் வீசினாள். மன்னித்துவிட்டாளா இல்லையா என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமல் நிற்கவும் பயமாக இருந்தது.

"மாளு, உனக்குக் கடைக்கு நேரமாகல?"

"இன்னும் எரநூத்தித் தொண்ணூத்தொம்பது இருக்கு," என்றாள் மாளவிகா. "அங்கயே நில்லு."